பெட்டிக்குக் கணக்கு உண்டு, ஆளுக்கு?

எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை பிடித்து நிற்கும் டிரெய்லர் லாரியைக் காணாத வடசென்னைவாசி உண்டோ? டோல்கேட்டில் தேநீர் குடிக்கும் தோழர் அடுத்த முறை அந்த லாரி சுமக்கும் இரும்புப் பெட்டியின் கதவைச் சற்றே உற்றுப் பார்க்கட்டும். நான்கு ஆங்கில எழுத்துகள். பிறகு ஏழு இலக்கங்கள். கடைசி இலக்கம் மட்டும் சின்னஞ்சிறு கட்டத்துக்குள் தனித்து நிற்கும்.

அது ஏன் தனித்து நிற்கிறது? அது பெட்டியின் எண்ணே அல்ல. மற்ற எண்களுக்குக் காவல்காரன்! ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. முதலாவதை 1 ஆலும், அடுத்ததை 2 ஆலும், அதற்கடுத்ததை 4 ஆலும், இப்படியே இரட்டித்து, பத்தாவதை 512 ஆலும் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 11 ஆல் வகுத்தால் மிஞ்சுவதுதான் அந்தக் கட்டத்து எண். மீதி 10 வந்தால் சுழியம் போடுவார்கள். கணக்குப்பிள்ளை தூக்கக் கலக்கத்தில் 3 ஐ 8 என்று எழுதிவிட்டால், "மீதி சரியில்லை" என்று கணிப்பொறி அங்கேயே மறித்துவிடும். கடல் கடந்து வரும் பெட்டியைக் காணாமற்போகாமல் காப்பது பூட்டு மட்டுமல்ல, இந்த வகுத்தல் கணக்கும்தான்.

கணிப்பொறி என்றதும் கண்ணாடி மாளிகையில் பிறந்த குழந்தை என்று எண்ணுவோர் உண்டு. அதன் மூதாதை யார் தெரியுமா? தறி! பின்னி ஆலையின் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பெரம்பூர்த் தோழர்கள் இதைக் கொஞ்சம் பெருமையோடே கேட்கலாம். பிரான்சின் லியோன் நகரில் 1804 வாக்கில் ழக்கார் என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கோத்துப் பட்டிலே பூவேலை நெய்யும் தறி செய்தார். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், இல்லாத இடத்தில் நுழையாது. "உண்டு", "இல்லை" என்ற இரண்டே சொற்களால் ஒரு பூங்கொடி! பிழைப்பு போகுமே என்று லியோன் நெசவாளர் எதிர்த்தார்கள். தறி நின்றது, அட்டை அமெரிக்கா போயிற்று. 1890 இல் அங்கே ஹாலரித் என்பவர் மக்கள்தொகையை அதே துளை அட்டையால் எண்ணிக் காட்டினார். அவர் தொடங்கிய கம்பெனி வேறு சிலவற்றோடு இணைந்து, 1924 முதல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது. இந்தியாவுக்கு முதல் மின்னணுக் கணிப்பொறி 1955 இல் கல்கத்தாவின் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தது.

அடுத்த ஆண்டே, 1956 ஏப்ரல் 26 இல், மக்லீன் என்ற லாரிக் கம்பெனி முதலாளி 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டியும் கணிப்பொறியும் ஒன்றுக்காகவே மற்றொன்று பிறந்ததுபோலச் சேர்ந்துகொண்டன. ஆயிரக்கணக்கான பெட்டிகளில் எது மேலே, எது கீழே, எது எந்த ஊருக்கு என்று நினைவில் வைக்க மனித மூளை போதாதே!

நம் துறைமுகத்துக்கு அந்த இரட்டையர் வந்த ஆண்டு 1983. இந்தியாவிலேயே பெட்டிகளுக்கென்று அமைந்த முதல் முனையம் சென்னையில் திறக்கப்பட்டது. அதுவரை மூட்டை மூட்டையாய் முதுகில் ஏறியிறங்கிய சரக்கைக் கிரேன் ஒரே மூச்சில் தூக்கிற்று. முதுகு பிழைத்தது, மறுக்கவில்லை. ஆனால் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கிய கூட்டமும், மூட்டை எண்ணிய டாலி கிளார்க்கும் மெல்ல மெல்லத் தேவையற்றோர் ஆனார்கள். 1948 சட்டம் கப்பல்துறைத் தொழிலாளிக்குப் பதிவும் பாதுகாப்பும் தர முனைந்தது. வேலையே சுருங்கும்போது பதிவேடு எத்தனை பேருக்குச் சோறு போடும்?

அதே 1983 இல் வங்கி ஊழியர் சங்கங்கள் என்ன செய்தன என்பதையும் பாருங்கள். கணிப்பொறி வருமுன்பே வங்கி நிர்வாகங்களை மேசைக்கு இழுத்து, எந்த வேலைக்கு இயந்திரம், எவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டார்கள். 1960களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் இயந்திரத்தை உள்ளே விடாமல் இரவும் பகலும் காவல் இருந்தார்கள். இரண்டில் எது சரி என்று இன்றும் வாதிடலாம். நாம் வங்கிக்காரர் பக்கம். வரும் இயந்திரம் வந்தே தீரும். என்ன விலைக்கு என்பதைப் பேசலாம்.

டிரெய்லர் ஓட்டுநருக்கு அப்படி ஒரு மேசை எங்கே? அவர் சுமக்கும் பெட்டி துறைமுகத்தில் இலவச நாள்களுக்கு மேல் கிடந்தால் நாள் கணக்கில் வாடகை ஏறுகிறது. டெமரேஜ் என்பார்கள். கணிப்பொறி அதைப் பைசா பிசகாமல் போடுகிறது. காலிப் பெட்டி கூடக் காத்திருந்தால் சம்பாதிக்கிறது! ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடப்பவர் நடைக் கூலிக்காரரானால், வரிசையில் போன இரவுக்கு அவருக்கு என்ன? 1961 ஆம் ஆண்டின் மோட்டார்த் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி என்று வரம்பு கட்டியது. அந்த 8 மணி ஜீரோ கேட் வரிசையிலேயே தீர்ந்த நாள்களை ஓட்டுநர்கள் அறிவார்கள்.

லாரி வாசலைத் தொட்ட நிமிடத்தை இயந்திரம் குறிக்கிறது, வெளியேறிய நிமிடத்தையும் குறிக்கிறது. வாசலுக்கு வெளியே, சாலையில் கழிந்த மணிகளுக்கு அந்த ஏட்டில் ஒரு பக்கம் திறக்க எவ்வளவு செலவாகும்? வரிசையில் சேர்ந்ததும் ஒரு பதிவு, அதன் நகல் ஓட்டுநர் கையில், காத்திருந்த மணிக்குக் கூலி. பெட்டிக்குப் போடும் கணக்கைவிட இது எளிய கணக்கு. 11 ஆல் வகுக்கக் கூடத் தேவையில்லை.