மூடியால் வந்த வினை

ஊசியைக் கண்டு பயப்பட வேண்டியவர் நோயாளி என்றே நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மையில் நர்ஸுக்குத்தான் அந்தப் பயம் அதிகம் இருக்க வேண்டும். நோயாளியின் உடம்பில் நுழையும் ஊசி சுத்தமானது; வெளியே வரும்போதோ அவருடைய இரத்தத்தைச் சுமந்து வருகிறது. அதற்குப் பிறகு அபாயமெல்லாம் பிறருக்கே.

இந்த அபாயத்தைப் பல சமயம் வரவழைப்பது ஒரு நல்ல எண்ணந்தான் என்பது விந்தை. திறந்த ஊசி யாரையாவது குத்திவிடுமே என்று அதன் மூடியை எடுத்து மறுபடியும் மாட்டுகிறார்கள். ஒரு கையில் ஊசி, மறு கையில் மூடி. மூடியின் வாயோ மிகச் சிறியது. இரவு வேலையின் அசதியில் கை சற்றுத் தவறினால், ஊசி விரலில் ஏறிவிடும். ஆகையால், மூடாமல் அப்படியே ஊசி துளைக்க முடியாத பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது விதி. பெட்டி தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தால் விதியினால் என்ன பிரயோஜனம்?

அமெரிக்காவில் 2000-ஆம் வருஷத்தில் நிறைவேறிய சட்டம், பாதுகாப்பான ஊசிகளைத் தேர்ந்தெடுக்கும்போது அவற்றைத் தினந்தோறும் கையாளுகிறவர்களின் அபிப்பிராயத்தையும் கேட்கச் சொல்கிறது. நியாயந்தானே?

எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினால், நோய் தொற்றுவது 1,000 பேரில் சுமார் 3 பேருக்கு. ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ்-பி கிருமியோ, தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்களில் 100-க்கு 30 பேர் வரையில் பற்றக்கூடும். ஜனங்கள் முன்னதற்கு நடுங்குகிறார்கள். பின்னதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இத்தனைக்கும், தடுப்பூசி இருப்பது பின்னதற்குத்தான்!

குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால், 72 மணி நேரத்துக்குள், கூடியவரை சீக்கிரமாகவே ஆரம்பித்து, 28 நாள் சாப்பிட வேண்டும். அம்மருந்தை ஊழியருக்கு அளிக்கும் கடமையை 2017-ஆம் வருஷத்து இந்தியச் சட்டம் ஆஸ்பத்திரியின்மேல் சுமத்தியிருக்கிறது. ஆயினும், "கவனமில்லையா?" என்ற வசவுக்கு அஞ்சி விரலை மறைத்துக் கொள்கிறவர்கள் உண்டு. வைகிற மேலதிகாரி அந்த 72 மணி நேரத்தையல்லவா திருடுகிறார்!

நோயாளியின் முகத்தையே பார்த்திராத துப்புரவுத் தொழிலாளியும் குப்பைப் பைக்குள் கிடக்கும் ஊசியால் குத்துப்படுகிறார். வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் நேயர்கள் ஊசியைக் காகிதத்தில் சுருட்டி எறியாமல், கெட்டியான டப்பாவில் சேர்த்து மூடி, இன்னதென்று சொல்லித் தனியாகக் கொடுக்கலாம்.