பட்டணம் பார்க்க வந்த ஆமிஷ் சிறுவன்

மோட்டார் காரை வீட்டுக்கு வீடு பரப்பிய அமெரிக்க தேசத்திலேயே, அதைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை என்று விரதம் பூண்டு, இன்றும் குதிரை வண்டியில் போய்வருகிற ஜனங்கள் இருக்கிறார்கள். 1693-ஆம் வருஷத்தில் ஜேக்கப் அம்மான் என்ற மூப்பரைப் பின்பற்றி ஐரோப்பாவில் தனிக் கிளையாகப் பிரிந்து, பிறகு கடல் கடந்து பென்ஸில்வேனியாவில் குடியேறிய ஆமிஷ் கிறிஸ்தவர்களே அவர்கள்.

காரை வாங்கவோ ஓட்டவோ கூடாது. ஆனால் அயலார் ஓட்டும் காரில் கூலி கொடுத்துப் போகலாம், ரயிலும் ஏறலாம். இந்த நியமத்தைக் கேட்டு நகைப்பவர்கள், வீட்டு வாசலில் கார் நின்றால் பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் திசைக்கொருவராய்ச் சிதறிப் போவார்கள் என்று ஆமிஷ் ஜனங்கள் அஞ்சுவதில் உள்ள விவேகத்தைக் கவனிப்பதில்லை. குதிரை போய்த் திரும்பும் தூரமே அன்றாட வாழ்வின் எல்லையாக இருப்பதால், பென்ஸில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்துச் சிறுவனுக்குச் சுமார் 110 கிலோமீட்டரில் உள்ள பிலடெல்பியா நகரமே தூர தேசமாகிவிடுகிறது. வீட்டில் பேசுவது ஜெர்மானியக் கிளைமொழி. ஆங்கிலம் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போன பிறகு வருவது. ஆகையால், பள்ளி வயதுக்கு முன் வருகிற குழந்தைக்குப் பட்டணத்தின் பேச்சும் அந்நியந்தான்.

பிலடெல்பியாவுக்கு ரயிலில் வருகிறவன் இறங்குகிற முப்பதாம் தெரு நிலையத்தில், இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்ட 1,307 ரயில்வே ஊழியர்களின் ஞாபகார்த்தமாக, இறந்த வீரனொருவனைத் தேவதூதன் ஏந்தி நிற்கும் பிரம்மாண்டமான வெண்கலச் சிலை இருக்கிறது. யுத்தத்தில் ஆயுதம் ஏந்துவது பாவம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை முதலில் காண்பது யுத்த ஸ்மாரகமாக இருப்பது விசித்திரமே. 1985-இல் வெளிவந்த ‘விட்னஸ்’ திரைப்படத்திலும் ஓர் ஆமிஷ் சிறுவன் இந்தச் சிலையை அண்ணாந்து பார்க்கிறான். அப்புறம் அதே நிலையத்தில் ஒரு கொலையையும் பார்த்துவிடுகிறான். சினிமாவுக்குக் கொலை அவசியம் போலும்!

அந்த நகரத்தில் 1893 முதல் நடந்துவரும் ரெடிங் டெர்மினல் மார்க்கெட்டில் ஆமிஷ் குடும்பங்கள் ரொட்டியும் ஊறுகாயும் பாலாடைக் கட்டியும் விற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடைகள் திறப்பதில்லை. பட்டணத்தைப் பார்க்க வந்த பையனைப் பட்டணம் வேடிக்கை பார்க்கும் இடமாகவும் இதுதான் இருக்கிறது: அவனுடைய வைக்கோல் தொப்பியும் கால்சட்டை வார்களும் சுற்றுலாப் பிரயாணிகளுக்குக் காட்சிப்பொருளாகிவிடுகின்றன. விக்கிரகம் செய்யலாகாது என்ற பைபிள் கட்டளையை முன்னிட்டுப் புகைப்படத்துக்கு நிற்பதை ஆமிஷ் ஜனங்கள் தவிர்க்கிறார்கள் என்பது தெரிந்தும், கேமராவை நீட்டுவது அநாகரிகமென்றே சொல்வேன். அந்தப் பக்கம் பிரயாணம் போக நேரும் வாசகர்கள் ரொட்டியை வாங்கித் தின்னட்டும். பையனைப் படம் பிடிக்காமல் விட்டுவிடட்டும்.