சூப்பர் மார்க்கெட் கேம்ல நீங்க முதலாளியா, கஸ்டமரா?

ஒரு கையில் பஸ் கம்பி, இன்னொரு கையில் மொபைல். அதுல ஒரு சூப்பர் மார்க்கெட்டே ஓடிக்கிட்டு இருக்கா? அப்போ இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

கடை நடத்துற கேம் ஆடுறவங்க கிட்ட கேட்டா, பாராட்டும் திட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வரும். ஷெல்ஃப் நிறையுறதும் கல்லா ஏறுறதும் பார்க்கவே நிம்மதியா இருக்குன்னு சொல்வாங்க. அடுத்த நிமிஷமே, விளம்பரம் தாங்க முடியல, ஒரு கட்டத்துக்கு மேல காசு கட்டாம நகர மாட்டேங்குதுன்னு புலம்புவாங்க.

ரெண்டு விதமான கேம்

ஜப்பானின் கைரோசாஃப்ட் நிறுவனத்தோட 'மெகா மால் ஸ்டோரி' மாதிரி கேம்களுக்கு முதல்லயே ஒரு விலை கொடுத்துடுவீங்க. ஸ்பெயினின் கோடிகேம்ஸ் நிறுவனத்தோட 'ஐடில் சூப்பர்மார்க்கெட் டைகூன்' மாதிரி கேம்கள் இலவசம். இவங்களுக்கு வருமானம் விளம்பரத்துலயும், கேமுக்குள்ள விக்கிற பேக்லயும்தான். இங்க காத்திருக்கிற நேரத்தைக் குறைக்கிறதுதான் சரக்கு. அதை வாங்குறது நீங்க.

கேம்ல இருக்கிற புத்தி பர்ஸ்ல எங்கே?

6,000 காயின்ல ஒரு ஃப்ரிட்ஜ். நிமிஷத்துக்கு 200 காயின் கூடுதலா வரும்னா, 30 நிமிஷத்துல போட்ட காசு திரும்பிடும். இந்தக் கணக்கை மனசுலயே போட்டுட்டுத்தான் வாங்குறோம். பிசினஸ்ல இதுக்குப் பேர் 'பேபேக் பீரியட்'. ஆனா 89 ரூபாய் ஜெம் பேக் கண்ணுல பட்டா கணக்கே போடாம அமுக்கிடுறோம். மாசம் 8 தடவைன்னா 712 ரூபாய். வருஷத்துக்கு 8,544 ரூபாய்!

"அப்போ கேம்ல காசே போடக்கூடாதா?"ன்னு கேட்டா, அப்படி இல்ல. உங்க சம்பளம் 30,000, மாசம் 22 நாள், தினம் 8 மணி நேரம் வேலைன்னு வைங்க. மணிக்கு சுமார் 170 ரூபாய். விளம்பரத்தை நீக்க 199 ரூபாய்னா, அது உங்களோட 70 நிமிஷ உழைப்பு. தினம் 30 செகண்ட் விளம்பரம் 10 பார்த்தா, மாசத்துக்கு 150 நிமிஷம் போகுது. ஒரு மாசமாவது ஆடுவீங்கன்னா அந்த 199 நஷ்டம் இல்ல. ஜெம் பேக் அப்படி இல்ல. தீர்ந்ததும் திரும்பக் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை: சில கேம்கள்ல 'நோ ஆட்ஸ்' வாங்கினாலும் தானா வர்ற விளம்பரம் மட்டும்தான் போகும். இரட்டிப்பு வருமானத்துக்குப் பார்க்கிற விளம்பரம் அப்படியே இருக்கும். ஆடுறவங்களோட பெரிய புகார்ல இதுவும் ஒண்ணு. வாங்குறதுக்கு முன்னாடி விவரத்தைப் படிச்சுடுங்க.

இன்னைக்கே செய்ய வேண்டியது

1. கூகுள் பிளே ஸ்டோர்ல ஒவ்வொரு பர்ச்சேஸுக்கும் பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கிற மாதிரி வைங்க. அந்தப் பத்து செகண்ட் தாமதமே பல செலவைத் தடுக்கும்.
2. அதே ஆப்ல உங்க பர்ச்சேஸ் ஹிஸ்டரியைத் திறந்து, கேமுக்குப் போனதை மட்டும் கூட்டுங்க.
3. அங்கேயே மாசாந்திர பட்ஜெட் செட் பண்ணலாம். ஆனா அது ஞாபகப்படுத்த மட்டும்தான் செய்யும், செலவைத் தடுக்காது. பிரேக் உங்க காலடியிலதான்!

கூட்டினப்போ எவ்வளவு வந்துச்சு? தைரியம் இருந்தா கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்.