ஓடும் வழியில் ஒரு கடல் – 11: கப்பலில் ஒரு ஹோஸ் பைப்

போன வாரம் ஸ்வீடனின் ஊட்டோ தீவு விடுதியில் நாலு பேர் தீவு தீவாக ஓடியும் நீந்தியும் கடக்கப் பந்தயம் கட்டியதோடு நிறுத்தினேன். ஷூவோடு நீந்துவது, நீச்சல் உடையோடு ஓடுவது, 2002... மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கும். இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் பாறை முனையிலிருந்து குதிப்பவர்களைப் பற்றி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பாறை எங்கேயும் ஓடிவிடாது. ஆனால் போகிற வழியில் ஒரு ஹோஸ் பைப் காலைச் சுற்றிக்கொண்டது. மூன்று நாளாக அவிழ்க்கப் பார்க்கிறேன்.

நார்வேயில் 'நார்ஸ்மேன்' என்றொரு டிரையத்லான், 2003-ல் தொடங்கியது. ஐட்ஃபியோர்ட் என்ற சிற்றூர்ப் பக்கம், மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே நுழைந்த கடலில் (ஃபியோர்ட் என்பார்கள்) 3.8 கி.மீ. நீச்சல். கரையேறி 180 கி.மீ. சைக்கிள். அப்புறம் 42.2 கி.மீ. ஓட்டம். முடிவுக் கோடு காவுஸ்டாடொப்பன் மலை மேல், 1,850 மீட்டர் உயரத்தில். முதலில் வருகிறவருக்கே பத்து மணி நேரம் போல ஆகும்.

தொடக்கம் எப்படி? விடியற்காலை, கார் ஏற்றிச் செல்லும் ஃபெர்ரி கப்பல். அதன் கதவைத் திறந்துவிடுகிறார்கள். நாலு மீட்டர் கீழே கறுப்பாகத் தண்ணீர். ஒரு கையால் கண்ணாடியை முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு குதிக்க வேண்டும்; பிடிக்காவிட்டால் கண்ணாடி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தரத்தில் இருப்பது 0.9 வினாடி, தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 32 கி.மீ. பத்து மணி நேரப் பந்தயத்தில் ஒரு வினாடிகூடத் தேறாத இந்தக் குதியைத்தான் எல்லோரும் படம் பிடித்து மாட்டிக்கொள்கிறார்கள்.

என்னைப் பிடித்தது குதி அல்ல, அதற்கு முந்தைய காட்சி. கப்பல் தளத்திலேயே கடல் தண்ணீரை ஹோஸ் பைப்பில் பீய்ச்சுகிறார்கள். சற்று நேரத்தில் கடலிலேயே விழப்போகிற ஆட்கள், அதற்கு முன்னால் அந்தப் பைப்புக்கு அடியில் போய் நின்று நனைந்துகொள்கிறார்கள். முதலில் சிரித்துவிட்டேன். கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகிறவர் வழியில் டிபன் சாப்பிட்ட மாதிரி இருந்தது. காரணத்தைத் தேடிப் போனதில் வாரம் முடிந்துவிட்டது.

போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் என்ற உடலியல் பேராசிரியர். குளிர்ந்த நீரில் விழுந்த மனிதருக்கு என்ன ஆகிறது என்பதையே பல்லாண்டுகளாக ஆராய்கிறவர். உடம்பு விறைத்துச் சாவதுதான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். விறைக்க நேரமாகும். முதல் ஆபத்து முதல் மூச்சில் இருக்கிறது. தோல் திடீரென்று குளிர்ந்ததும் நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை உடம்பு இழுக்கிறது, இரண்டு மூன்று லிட்டர் அளவுக்கு. அந்தக் கணம் வாய் தண்ணீருக்குள் இருந்தால்? ஒரு சராசரி ஆள் மூழ்கிச் சாக நுரையீரலுக்குள் ஒன்றரை லிட்டர் கடல்நீர் போதும். கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்குகிறவரால் அந்தக் குளிரில் பத்து வினாடிகூட அடக்க முடிவதில்லை. முதல் அரை நிமிடத்தில் இது உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும்.

இதோடு நின்றிருந்தால் நானும் பாறைக்குப் போயிருப்பேன். டிப்டனும் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மைக்கேல் ஷாட்டக்கும் 2012-ல் எழுதிய ஒரு கட்டுரை என்னை உட்கார வைத்துவிட்டது. தோல் குளிர்ந்தால் 'வேகமாக அடி' என்று இதயத்துக்கு உத்தரவு போகிறது. முகம் நனைந்து மூச்சும் அடங்கினால் 'மெதுவாக அடி' என்று இன்னொரு உத்தரவு. நீர்நாய்க்கும் திமிங்கிலத்துக்கும் உள்ள அதே அனிச்சைச் செயல். குளிர்ந்த நீரில் தலைவரை முங்குகிறவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்கின்றன. ஒரே வீட்டில் மாமியார் ஒன்று சொல்ல, மாமனார் வேறு சொல்ல, நடுவில் மருமகள் விழிப்பதுபோல இதயம் தாளம் தவறுகிறது. நல்ல ஆரோக்கியமான இளைஞர்களிடமே இதைப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தானாகச் சரியாகிவிடும். ஏற்கெனவே இதயத்தில் கோளாறு உள்ளவருக்கு அப்படி ஆகாமலும் போகலாம்.

நம்பாமல் நானே ஒரு பேசினில் ஐஸ் போட்டு முகத்தை அமிழ்த்தினேன். நாடி 78-லிருந்து 64-க்கு இறங்கியது. "என்னங்க, உள்ள மீன் இருக்கா?" என்று கேட்டாள் மனைவி. இதயக் கோளாறு உள்ளவர்கள் தயவுசெய்து இதைச் செய்து பார்க்க வேண்டாம். எனக்குக் கடிதமும் எழுத வேண்டாம்.

இப்போது பைப் புரிகிறதா? அந்த முதல் மூச்சு எப்படியும் வெடித்துத்தான் தீரும். அது காலுக்குக் கீழே இரும்புத் தளம் இருக்கும்போது வெடித்துவிட்டுப் போகட்டும். உண்மையான பழக்கம் இதற்கும் மேலே: இரண்டு மூன்று நிமிடமாக ஐந்தாறு தடவை குளிர்நீரில் இறங்கி ஏறினாலே இந்த அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. பலன் மாதக்கணக்கில் நிற்கிறது. அப்படியும் நீரைப் பார்த்து அமைப்பாளர்களே பின்வாங்கியது உண்டு. 2015-ல் ஃபியோர்ட் பத்து டிகிரி அளவில் இருந்ததால் நார்ஸ்மேன் நீச்சலைப் பாதியாக வெட்டினார்கள்.

இங்கே எனக்கு அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஞாபகத்துக்கு வந்துவிட்டார். கோடை விடுமுறை, தோட்டத்துக் கிணறு, மோட்டார் ரூம் கூரைதான் எங்கள் பாறை. படியில் இறங்கி, தண்ணீர் தொட்டு, மறுபடி மேலே ஏறித்தான் குதிக்க வேண்டும் என்பது அவர் சட்டம். "மொதல்ல தண்ணிய அள்ளி மூஞ்சில அடிச்சுக்க கண்ணு, அப்பறம் குதி." அறுபது படி. ஒரு நாள் அவர் மாட்டுக்குத் தவிடு வைக்கப் போன நேரம் பார்த்து, நனையாமல் நேராகக் குதித்தேன். வயிறு தட்டையாக விழுந்து தொப்புளைச் சுற்றிச் சிவந்ததுகூட மறந்துபோயிற்று. மேலே வந்தபின் மூச்சு உள்ளே மட்டும் போய்க்கொண்டே இருந்து, வெளியே வராமல் தவித்தது மறக்கவில்லை. அவருக்கு டிப்டனைத் தெரியாது. கிணற்றைத் தெரியும்.

சரி, பாறை. வாக்கு வாக்குதான், கொஞ்சமாவது.

பாறையிலிருந்து குதிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ரெட்புல் போட்டிகளில் ஆண்களுக்கு 27 மீட்டர். நீரைத் தொடும்போது மணிக்கு 80 கி.மீ.க்கு மேல். அதனால் கால்தான் முதலில் இறங்க வேண்டும். கீழே மீட்பு நீச்சல்காரர்கள் காத்திருப்பார்கள். குதிப்பவர் அந்த ஒரு குதிக்காக உடம்பைப் புதிதாக வைத்திருப்பார். ஓடியும் நீந்தியும் போகிற நம் பந்தய ஆள் அப்படியா? நாலு மணி நேரம் ஓடியிருப்பார். தொடை நடுங்கும், முதுகில் பை, காலில் நனைந்த ஷூ, நிற்கிற பாறையில் பாசி. குதிப்பதா, சுற்றிப் போய் இறங்குவதா என்று யோசிக்க வேண்டிய மூளை, பின்னால் வருகிற அணியின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். பத்து மீட்டர் என்றால் 1.4 வினாடி, 50 கி.மீ. வேகம். அதில் உடம்பு கொஞ்சம் சாய்ந்தாலும் முதுகெலும்பு பதில் சொல்லும்.

குதித்த பின்னும் வேலை இருக்கிறது: விழுந்த இடத்தை விட்டு உடனே விலக வேண்டும். சான்பிரான்சிஸ்கோவின் அல்கட்ராஸ் டிரையத்லானில் ஏறக்குறைய 2,000 பேர் சில நிமிடங்களுக்குள் படகிலிருந்து குதித்துத் தீர்க்கிறார்கள். கீழே நின்று ஆனந்தப்பட்டுக்கொண்டிருந்தால் தலையில் அடுத்தவர் வந்து இறங்குவார்.

அப்படியும் ஏன் குதிக்கிறார்கள்? இதற்குத்தான் அரைப் பக்கம் ஒதுக்கி வைத்திருந்தேன். அதைப் பைப் குடித்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். கிணற்றில் அந்த மூச்சு ஒருவழியாக வெளியே வந்ததும் நான் செய்த முதல் காரியம், அம்மிச்சி திரும்பி வருகிறாரா என்று பார்த்துவிட்டு மறுபடி கூரை ஏறியது. ஏறும்போது முகம் நனைந்துதான் இருந்தது, சட்டப்படி குற்றமில்லை.

உதவி ஆசிரியர் மூன்றாவது தடவையாக போன் அடிக்கிறார். அடுத்த வாரம் பாறை முழுசாக. அல்லது 2000-ல் போர்னியோவில் நடந்த 'ஈகோ சேலஞ்ச்'. 304 வீரர்கள், செகாமா ஆறு. அங்கே ஆபத்து உயரத்திலும் இல்லை, குளிரிலும் இல்லை. பந்தயம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு எலிக்காய்ச்சலாக வந்தது. இரண்டில் எது என்று இப்போதைக்குச் சொல்ல மாட்டேன். ஆற்றில் எலி வேறு இருக்கிறது, எனக்கு அதுவே தனி அத்தியாயம் ஆகிவிடும்போல் தோன்றுகிறது.

(தொடரும்)