நாயின் வயிற்றுக்குள் ஒரு விளக்கு

பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்ய, வயிற்றின் நடுவே கீறிச் சூலகங்களை வெளியே எடுத்து, இரத்தக் குழாய்களைக் கட்டி, அறுத்து நீக்குவது நெடுநாளைய முறை. ஆனால் சூலகம் சிறுநீரகத்தை அடுத்து, ஆழத்தில், ஒரு தசைநாரால் பிணைக்கப்பட்டுக் கிடக்கிறது. அதை மேலே கொண்டுவர அந்த நாரை இழுத்துப் பிரிக்க வேண்டும். பிறகு வரும் வலிக்கு இதுவும் ஒரு காரணம்.

உறுப்பை இழுக்காமல், அது இருக்கும் இடத்திலேயே வேலையை முடிக்க முடியாதா? முடியும். அதற்கு உள்ளே வெளிச்சம் வேண்டும். கருவிகள் அசைய இடமும் வேண்டும். இரண்டையும் தந்தது இயற்பியல்.

1901ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், கெல்லிங் என்ற மருத்துவர் உயிருள்ள ஒரு நாயின் வயிற்றில் வடிகட்டிய காற்றைச் செலுத்தி, ஒரு குழாயை நுழைத்து உள்ளுறுப்புகளைப் பார்த்துக் காட்டினார். நாயிடம் தொடங்கிய அந்த வழி மனித மருத்துவத்தில் வளர்ந்து, பல பத்தாண்டுகள் கழித்தே நாயின் நலனுக்காகத் திரும்பி வந்தது.

முதலில் வெளிச்சத்தைப் பார்ப்போம். பழைய குழாய்களின் நுனியில் சிறு மின்விளக்கு எரிந்தது. அது சூடாகும், ஒளியும் மங்கல். இன்று விளக்கு வெளியே இருக்கிறது. முழு அக எதிரொளிப்பால் ஒளி கண்ணாடி இழைகளின் சுவரில் மோதி மோதி உள்ளே செல்கிறது. அங்குள்ள காட்சியைத் திரும்பக் கொண்டுவருவது வேறோர் ஏற்பாடு. முன்பு குழாய் நிறையக் காற்றும் இடையிடையே மெல்லிய லென்சுகளும் இருந்தன. பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஹாப்கின்ஸ் இதைத் தலைகீழாக்கினார்: நீண்ட கண்ணாடித் தண்டுகள், இடையிடையே சிறு காற்று இடைவெளிகள். காட்சி பளிச்சென்றாயிற்று. 5 மில்லிமீட்டர் குழாயே போதுமானதாயிற்று.

அடுத்தது இடம். கரியமில வாயுவைச் செலுத்தினால் வயிற்றுச் சுவர் கூடாரம்போல் உயர்கிறது. ஏன் இந்த வாயு? இது எரியாது, இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சுவழி வெளியேறிவிடும். அழுத்தம் பெரும்பாலும் 8 முதல் 12 மி.மீ. பாதரசம்தான். 10 மி.மீ. என்பது 13.6 செ.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம்; வளிமண்டல அழுத்தத்தில் 76இல் ஒரு பங்கு. அளவு மீறினால் பெருஞ்சிரைகள் நசுங்கும். உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மூச்சு திணறும்.

இரண்டு அல்லது மூன்று சிறு துளைகள் இடப்படுகின்றன. திரையைப் பார்த்தபடி மருத்துவர் சூலகத்தைப் பிடித்து, இரத்தக் குழாய்களை மின்வெப்பத்தால் ஒட்டி மூடி, அறுத்து வெளியே எடுக்கிறார். கருப்பை நோயற்றதாயின் அதை விட்டுவிடலாம். சூலகத்தின் ஹார்மோன்கள் இல்லாதபோது அதில் சீழ் பிடிக்கும் நோய் வர வாய்ப்பு மிகக் குறைவு. விதைப்பைக்கு இறங்காமல் வயிற்றிலேயே தங்கிவிட்ட ஆண் நாயின் விதையையும் இவ்வழியே எடுக்கலாம்.

நாய்க்கு வலி குறைந்ததென்று எப்படி அறிவது? வாய்விட்டுச் சொல்ல அதனால் இயலாதே! 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சிறிய நாய்களின் கழுத்துப்பட்டையில் முடுக்கமானியைப் பொருத்தி அவற்றின் அசைவை அளந்தார்கள். அறுவைக்குப் பின் நாயின் நடமாட்டம் பழைய முறையில் 62 சதவீதம் குறைந்தது. புதிய முறையில் 25 சதவீதமே குறைந்தது. சொல்லாத வலியைக் கருவி சொல்லிற்று.

ஆனால் துளை சிறியது என்பதால் சிகிச்சையும் சிறியதென்று எண்ணிவிடாதீர்கள். முழு மயக்கம் இதற்கும் தேவை. எதிர்பாராமல் இரத்தம் பெருகினால் வயிற்றைத் திறந்தே ஆகவேண்டும். கருவிகளின் விலையும் அதிகம். ஆகவே உங்கள் நாய்க்கு இம்முறையை நாடுமுன் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதில் அவருக்குள்ள பயிற்சி எவ்வளவு? மயக்கத்தில் இருக்கும் நாயின் மூச்சைக் கவனிக்கத் தனியாக ஒருவர் இருப்பாரா? தையலின் நீளத்தைவிட இந்த விடைகளே முக்கியம்.