குடிலுக்கு வந்த மாடும் கழுதையும்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கியதும் வைக்கோல் பரப்பிக் குடில் அமைக்கிறோம். பாலன் இயேசுவின் அருகே மாட்டையும் கழுதையையும் தவறாமல் நிறுத்துகிறோம். ஆனால் நற்செய்தியைப் புரட்டிப் பார்த்தால் வியப்புத்தான்! குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள் என்று புனித லூக்கா எழுதுகிறார். மாட்டையும் கழுதையையும் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அப்படியாயின் அவை எங்கிருந்து வந்தன? எசாயாவின் நூலிலிருந்து. மாடும் கழுதையும் தம் எசமானனையும் தீவனத் தொட்டியையும் அறிந்திருக்க, இறைமக்களோ தம் ஆண்டவரை அறியவில்லையே என்று அதன் முதல் அதிகாரத்தில் இறைவாக்கினர் வருந்துகிறார். 'தீவனத் தொட்டி' இரு நூல்களையும் இணைத்தது. மிலான் நகர்ப் புனித அம்புரோசியார் ஆலயத்திலுள்ள 4-ஆம் நூற்றாண்டுக் கல்பேழையில் மரியன்னையும் சூசையப்பரும்கூட இல்லை. பாலனருகே இவ்விரு விலங்குகளே நிற்கின்றன.

பின்னர், மத்தேயுவின் பெயரால் வழங்கிய, திருச்சபை ஏற்காத நூலொன்று, இவை பாலனை வணங்கியதாகக் கதை சொல்லிற்று. 1223-ஆம் ஆண்டு, இத்தாலியின் கிரேச்சோ சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைக்கோலிட்ட தொட்டியருகே நிறுத்தினார். அங்கே திருப்பலி நடந்தது. செலானோ ஊர்த் தோமா அதனை நூலில் எழுதிவைத்தார், உலகம் அறிந்தது.

ஆகவே குடிலிலுள்ள மாடும் கழுதையும் வெறும் அலங்காரம் அல்ல. நம்மை நோக்கிய கேள்வி. வாயில்லா உயிர்கள் அறிந்த ஆண்டவரை, பசியோடு நம் வாசலில் நிற்கும் ஏழையிடத்தில் நாம் அறிந்துகொள்கிறோமா?