முந்நூற்றுப் பதினெட்டு (தொடக்கநூல் 14:14)

முந்நூற்றுப் பதினெட்டு (318) என்பது எபிரேய விவிலியத்தின் முதல் நூலாகிய தொடக்கநூலில் (ஆதியாகமம்) 14ஆம் அதிகாரம், 14ஆம் வசனத்தில் காணப்படும் எண் ஆகும். ஆபிராம் (பின்னாளில் ஆபிரகாம்) தம் உறவினர் லோத்தை மீட்கப் போருக்கு அழைத்துச் சென்ற ஆட்களின் தொகையாக இது தரப்படுகிறது. இவ்வெண் ஓர் ஆளின் பெயரை மறைமுகமாகச் சுட்டுகிறது என்று யூத அறிஞர்களும், இயேசுவையும் சிலுவையையும் சுட்டுகிறது என்று தொடக்ககாலக் கிறித்தவர்களும் விளக்கம் தந்தனர். எழுத்துகளுக்கு எண் மதிப்பு கொடுத்து மறைநூலுக்குப் பொருள் காணும் முறைக்கு மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் இது ஒன்றாகும். அம்முறையின் எல்லை எது என்ற விவாதமும் இதே வசனத்தின் உரையில் எழுந்தது.

வசனத்தின் சூழல்

தொடக்கநூல் 14ஆம் அதிகாரம் நான்கு அரசர்கள் ஐந்து அரசர்களோடு செய்த போரைக் கூறுகிறது. ஐந்து அரசர்களும் ஏலாம் அரசன் கெதோர்லகோமருக்கு 12 ஆண்டுகள் பணிந்திருந்து, 13ஆம் ஆண்டில் கிளர்ச்சி செய்தனர். 14ஆம் ஆண்டில் அவன் தன் கூட்டாளிகளோடு படையெடுத்து வந்து வென்றான். சோதோமில் குடியிருந்த லோத்தும் சிறைபிடிக்கப்பட்டார். இச்செய்தியைக் கேட்ட ஆபிராம் தம் வீட்டில் பிறந்த ஆட்களைத் திரட்டிக்கொண்டு தாண் வரை பகைவரைத் துரத்தினார். பின்னர் இரவில் தாக்கி, தமஸ்குவுக்கு வடக்கே உள்ள ஓபா வரை விரட்டி லோத்தை மீட்டார்.

நான்கு அரசர்களின் படையை ஒரு குடும்பத் தலைவர் 318 ஆட்களோடு முறியடித்தார் என்பது உரையாசிரியர்களின் கவனத்தை ஈர்த்தது. முந்நூறு என்றோ நானூறு என்றோ முழு எண்ணாகக் கூறாமல் 318 எனத் துல்லியமாகக் கூறியது ஏன் என்பது அவர்கள் எழுப்பிய முதல் வினா ஆகும்.

எபிரேயச் சொற்கள்

இவ்வசனத்தில் பொருள் தெளிவற்ற சொற்கள் இரண்டு உள்ளன.

*வய்யாரெக்*: ஆபிராம் தம் ஆட்களைக் கொண்டு செய்த செயலைக் குறிக்கும் வினைச்சொல் இது. இதன் வேர் "வெறுமையாக்கு" எனப் பொருள்படும். வாளை உறையிலிருந்து உருவுவதற்கும் இவ்வினை விவிலியத்தில் வேறு இடங்களில் ஆளப்படுகிறது. ஆயினும் இங்கே செயப்படுபொருள் வாள் அன்று, ஆட்கள். ஆகவே "ஆயுதம் அணிவித்தார்", "புறப்படச் செய்தார்" எனப் பலவாறு மொழிபெயர்ப்பர். சமாரிய ஐந்நூலில் இவ்விடத்தில் *வய்யாதெக்* என்ற வேறு சொல் உள்ளது. எபிரேய எழுத்துகளில் தாலெத், ரேஷ் ஆகிய இரண்டும் வடிவில் மிக ஒத்தவை என்பதால் படியெடுப்போர் ஒன்றை மற்றொன்றாக எழுதியிருக்கலாம். கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவசிந்தாவும் இலத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவும் இவ்விடத்தில் "எண்ணினார்" என்ற பொருளைத் தருகின்றன.

*ஹனீகாவ்*: "அவருடைய பயிற்சி பெற்ற ஆட்கள்" எனப் பொருள் கொள்ளப்படும் இச்சொல் எபிரேய விவிலியம் முழுவதிலும் இவ்வொரு இடத்தில் மட்டுமே வருகிறது. "தொடங்கிவை, பயிற்று" என்ற பொருளுடைய வேரிலிருந்து இது வந்ததாகக் கருதப்படுகிறது. கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தானாக்கு களிமண் பலகைக் கடிதம் ஒன்றில் இதனோடு தொடர்புடைய சொல் ஒரு தலைவனின் ஆட்களைக் குறிக்க வந்துள்ளது. எனவே இது கானான் நாட்டில் வழங்கிய பழஞ்சொல் என்பர். தமிழின் பழைய மொழிபெயர்ப்பு இச்சொல்லுக்குக் "கைபடிந்தவர்கள்" என்ற சொல்லை ஆண்டுள்ளது. பழகித் தேர்ந்தவர்கள் என்பது இதன் பொருள்.

எண்ணைப் பொறுத்தவரை, எபிரேய மூலத்தில் அது எழுத்துக்குறிகளால் அன்றி முழுச் சொற்களால் எழுதப்பட்டுள்ளது. முதலில் பதினெட்டும் பின்னர் முந்நூறும் வருகின்றன.

யூத மரபில்: எலியேசர்

எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. ஒரு சொல்லின் எழுத்து மதிப்புகளைக் கூட்டி, அதே தொகையுடைய வேறொன்றோடு இணைத்துப் பொருள் காண்பது *கெமாத்திரியா* எனப்படுகிறது. எலியேசர் என்ற பெயரை எபிரேயத்தில் ஆறு எழுத்துகளால் எழுதுவர். அவற்றின் மதிப்பு பின்வருமாறு:

- ஆலெப் – 1
- லாமேத் – 30
- யோத் – 10
- ஆயின் – 70
- சாயின் – 7
- ரேஷ் – 200
- மொத்தம் – 318

பாபிலோனியத் தால்மூதின் நெதாரிம் என்னும் பகுதி (32அ) இக்கணக்கைத் தருகிறது. இதன்படி ஆபிராமுடன் சென்றவர் 318 பேர் அல்லர், எலியேசர் ஒருவரே ஆவார். மறைநூலுக்குப் பொருள் காணும் 32 விதிகளைத் தொகுத்துக் கூறும் பழைய பட்டியலில் கெமாத்திரியா 29ஆவது விதியாக இடம்பெற்றுள்ளது. அவ்விதிக்கும் இதுவே எடுத்துக்காட்டாகும். பிரான்சில் வாழ்ந்த புகழ்பெற்ற உரையாசிரியர் ராசி (1040–1105) தம் உரையில் இவ்விளக்கத்தைச் சேர்த்ததால் இது பரவலாக அறியப்பட்டது.

இவ்விணைப்புக்கு நூலின் அமைப்பும் இடம் தந்தது. 14ஆம் அதிகாரத்தில் எலியேசரின் பெயர் இல்லை. ஆனால் அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே (15:2) ஆபிராமின் வீட்டைச் சேர்ந்தவராகத் தமஸ்குவோடு தொடர்புபடுத்தி அவர் பெயர் கூறப்படுகிறது. தமஸ்கு 14:15 இலும் வருகிறது. மேலும் எலியேசர் என்ற பெயருக்கு "என் கடவுள் துணை" என்பது பொருள். ஆள் பலத்தால் அன்றி இறைவனின் துணையால் வெற்றி கிட்டியது என்ற கருத்துக்கு இப்பெயர் பொருந்தியது.

அதே தால்மூது பகுதியில் மாறான பார்வையும் உள்ளது. "பயிற்சி பெற்றவர்கள்" என்பது மறைநூல் கற்ற மாணவர்களைக் குறிப்பதாகவும், அவர்களைப் போருக்கு இழுத்த குற்றத்துக்காகவே ஆபிரகாமின் வழிவந்தோர் எகிப்தில் 210 ஆண்டுகள் அடிமைப்பட்டனர் என்றும் ஒரு கருத்து கூறப்படுகிறது. ஒரே வசனத்தை ஒருவர் ஆபிராமின் நம்பிக்கைக்குச் சான்றாகவும், மற்றொருவர் அவரது தவறுக்குச் சான்றாகவும் கொண்டனர்.

கிறித்தவ மரபில்: இயேசுவும் சிலுவையும்

கிறித்தவ விளக்கம் கிரேக்க எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டது. கி.பி. 70க்கும் 135க்கும் இடையே எழுதப்பட்டதாகக் கருதப்படும் பர்னபா திருமுகம் இதனைக் கூறும் பழைய நூல் ஆகும். கிரேக்கத்தில் யோட்டா 10, ஈட்டா 8 ஆகும். இவ்விரண்டும் இயேசு என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். 300ஐக் குறிக்கும் டௌ என்னும் எழுத்து சிலுவை வடிவினது. ஆகவே 318 என்பது சிலுவையில் அறையப்பட்ட இயேசுவை முன்னறிவிக்கிறது என்பது இந்நூலின் கருத்து. அலெக்சாந்திரியாவின் கிளமெந்தும் இவ்விளக்கத்தைக் குறிப்பிடுகிறார்.

இக்கணக்கு எபிரேயத்தில் பொருந்தாது. எபிரேயத்தில் 318ஐக் குறிக்கும் எழுத்துகள் ஷின் (300), யோத் (10), ஹேத் (8) ஆகும். பழைய எபிரேய எழுத்துமுறையில் சிலுவை வடிவில் எழுதப்பட்ட தாவ் என்னும் எழுத்தின் மதிப்போ 400.

கி.பி. 325இல் கூடிய நிக்கேயா பொதுச்சங்கத்தில் 318 ஆயர்கள் கலந்துகொண்டனர் என்ற மரபும் இவ்வெண்ணோடு தொடர்புடையது. சங்கத்தில் பங்குபற்றிய எயுசேபியு 250க்கு மேற்பட்டோர் எனக் குறிப்பிடுகிறார். பிறர் சுமார் 270 எனவும் சுமார் 300 எனவும் எழுதினர். பின்னர் 318 என்பதே நிலைபெற்றது. புவாத்தியே நகர இலாரியும் மிலான் ஆயர் அம்புரோசும் இதனை ஆபிரகாமின் ஆட்களோடு ஒப்பிட்டனர்.

எதிர்ப்பும் ஆய்வும்

எசுப்பானியாவில் பிறந்த யூத அறிஞர் ஆபிரகாம் இப்னு எஸ்ரா (12ஆம் நூற்றாண்டு) எலியேசர் விளக்கத்தை மறுத்தார். அது அறவுரைக்கு உரிய முறையே தவிர, வசனத்தின் நேர்ப்பொருள் அன்று என்பது அவர் கருத்து. எழுத்துகளைக் கூட்டிப் பொருள் காணலாம் என்றால், விரும்பியவர் எந்தப் பெயரிலிருந்தும் நன்மையையும் தீமையையும் வருவித்துக்கொள்ள இயலும் என்று அவர் காரணம் காட்டினார்.

வரலாற்று நோக்கிலும் கால இடைவெளி ஒன்று உள்ளது. எபிரேய, அரமேய எழுத்துகள் எண்குறிகளாகப் பயன்பட்டமைக்குத் தெளிவான சான்று அலெக்சாந்தர் யன்னாய் (கி.மு. 103–76) வெளியிட்ட காசுகளில் கிடைக்கிறது. தொடக்கநூல் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் பெயருக்கு எண் மதிப்பு காணும் வழக்கம் அண்மைக் கிழக்கில் இன்னும் பழையது. அசீரிய அரசன் இரண்டாம் சர்கோன் (கி.மு. 722–705) தன் நகர மதிலின் நீளம் 16,283 முழம் என்றும், அது தன் பெயரின் எண் என்றும் கல்வெட்டில் பொறித்துள்ளான். எனினும் அக்கணக்கு எம்முறையில் செய்யப்பட்டது என்பது இதுவரை விளக்கப்படவில்லை.

318க்கு வேறு விளக்கங்களும் முன்வைக்கப்பட்டுள்ளன:

- 354 நாள் கொண்ட சந்திர ஆண்டில், மாதத்துக்கு மூன்று நாளாக நிலவு தென்படாத 36 நாட்களைக் கழித்தால் 318 கிடைக்கும்.
- 7 முதல் 47 வரையுள்ள 12 பகா எண்களின் கூட்டுத்தொகை 318 ஆகும்.
- எகிப்திய மன்னன் மூன்றாம் அமென்கோதேப்பை மணக்க வந்த மித்தானி இளவரசி கிலுகேபாவுடன் 317 பெண்கள் வந்ததாக அம்மன்னனின் வண்டு வடிவ முத்திரை கூறுகிறது. இளவரசியைச் சேர்த்தால் 318 ஆகும். ஆகவே இது பெருந்தொகையான பரிவாரத்தைக் குறிக்கும் மரபெண்ணாக இருக்கலாம் என்பர்.

இவற்றுள் எதுவும் உறுதிப்படுத்தப்படவில்லை. 318 உண்மையான ஆள்தொகையாகவே இருக்கலாம் என்ற எளிய விளக்கமும் மறுக்கப்படவில்லை.

ஒரே எண் எபிரேய எழுத்தில் எலியேசரையும் கிரேக்க எழுத்தில் இயேசுவையும் தந்தது கவனிக்கத்தக்கது. எண்ணின் மதிப்பு மாறவில்லை, கணக்கிலும் பிழை இல்லை. கணக்கிட்டவரின் மொழியும் சமயமும் மாறியதால் விடை மாறியது. ஆகவே இவ்விளக்கங்கள் தொடக்கநூலை எழுதியவரின் கருத்துக்குச் சான்றாகக் கொள்ளப்படுவதில்லை. பிற்கால வாசகர்கள் அதனை எவ்வாறு பயின்றனர் என்பதற்கான சான்றுகளாகவே இவை மதிக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

- ஆபிரகாம்
- கெமாத்திரியா
- எபிரேய எழுத்துமுறை
- நிக்கேயா பொதுச்சங்கம்